கடற்கரையில் யோகமும் ஓய்வும்

2025ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் காலையில், ஆந்திரப் பிரதேசத்தின் விசாகப்பட்டினத்தில், வங்கக் கடலை ஒட்டி ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் கூடி யோகாசனங்கள் பயின்றனர். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வரும் சர்வதேச யோக தினத்தின் 11ஆவது விழா அது. விழா ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. கடற்கரையில் பெற்ற அமைதியில் நம்முடன் நிலைத்து நிற்பது எது? களப் பணியாளரும் ஆசிரியரும் இதனை ஆராய்ந்தறிதல் பயனுடையது.

கடற்கரையின் இதத்திற்குக் காரணம் எளிது. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது; நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பமுற்று எழ, கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்தை நோக்கி வீசுகிறது. ஆயினும் ஜூன் மாதத்தில் கிழக்குக் கரையில் மேல்காற்று எதிர்த்து வீசுவதால், கடற்காற்று வருவதற்குத் தாமதமாகும். மேலும், ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் உலராது; உடற்சூடு தணிவதும் குறையும். ஆதலால் ஆசனப் பயிற்சியை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் நிழலுக்குச் சென்றுவிடுதல் நன்று.

வெறுமனே படுத்திருத்தலும், முறையாகத் தளர்ந்திருத்தலும் ஒன்றா? பம்பாயில் டாக்டர் கே. கே. தாத்தேயும் அவர்தம் குழுவினரும், இரத்த அழுத்தம் மிகுந்த 47 பேருக்குச் சவாசனம் பயிற்றுவித்துக் கண்ட பயன்களை 1969இல் வெளியிட்டனர். பின்னர் இங்கிலாந்தில் டாக்டர் சந்திரா படேலும் நார்த் என்பவரும் இதனை மேலும் கண்டிப்பான சோதனைக்கு உட்படுத்தினர். அதன் முடிவு 1975இல் வெளியாயிற்று. 34 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர், உடலின் மாறுதல்களைக் கருவி மூலம் அறிந்துகொண்டே, யோகமுறைத் தளர்ச்சியை ஆறு வாரங்கள் பயின்றனர். மற்றவர்கள் பொதுவாக ஓய்வு மட்டுமே கொண்டனர். பயின்றவர்களின் சராசரி அழுத்தம் 168/100 என்பதிலிருந்து 141/84 பாதரச மில்லிமீட்டராக இறங்கிற்று. ஓய்வு மட்டும் கொண்டவர்களுக்கோ 169/101 என்பது 160/96 அளவிற்கே குறைந்தது. பின்னர் இவர்களுக்கும் அதே பயிற்சி அளித்தபோது, முதற் பிரிவினரின் அளவிற்கே அழுத்தம் இறங்கிற்று. ஆகவே, உடலைத் தளர்த்துதல் கற்றுத் தெளியவேண்டிய ஒரு கலை என்பது விளங்கும். கடல் அதற்கு உகந்த பள்ளியறை, பாடமோ வேறு.

பாடத்தின் முதற்படி மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே விரைவடைகிறது. வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயல் மேலோங்கித் துடிப்பு தணிகிறது. எனவே மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடுதல் வேண்டும். சமமான மணற்பரப்பில் விரிப்பின்மேல் மல்லாந்து படுத்து, கால்களைச் சற்றே அகற்றி, உள்ளங்கைகள் மேல்நோக்க, கண்களை மூடுக. பாதம், கணுக்கால், முழங்கால் என்று தொடங்கி முகம் வரை ஒவ்வோர் உறுப்பாக நினைந்து தளர்த்துக. அலையோசையை எதிர்க்க வேண்டுவதில்லை. அது தன் வழியே செல்லட்டும்.

ஆசிரியர்கள் இதனை ஒரு சோதனையாகவும் நடத்தலாம். மாணவர் படுக்குமுன் ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதுக. பதினைந்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் எண்ணுக. மூச்சுடன் நாடி விரைவதும் தணிவதும் இளவயதினரிடம் தெளிவாகப் புலப்படும்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. இரத்த அழுத்த நோயுடையோர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்கவேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. இடியோசை கேட்டால் திறந்த கரையை விட்டு உடனே அகல்க. பழகாத கரையில் கடலில் இறங்காதிருத்தலே நலம்.

கடற்கரைக்குச் செல்லும் வாய்ப்பு ஆண்டில் ஒரு நாளே கிட்டலாம். அங்குக் கற்ற சவாசனத்தை நாள்தோறும் தம் இல்லத்துத் திண்ணையிலேயே செய்து வருவோருக்கே அந்த ஒரு நாள் முழுப்பயன் தரும்.