செவிலியர் அல்லாத நர்ஸ்

பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையில் ‘கம்யூனிட்டி நர்சரி நர்ஸ்’ என்றொரு பணியிடம் உண்டு. பெயரில் நர்ஸ் இருந்தாலும் அதில் அமர்பவர் செவிலியர் அல்லர், நர்சரி இருந்தாலும் அவர் வேலை பார்க்கும் இடம் மழலையர் பள்ளியும் அன்று. பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை அவர்கள் வீட்டுக்கே சென்று பார்த்து, அவர்கள் வளர்ச்சியைக் கணித்து, உறக்கம், உணவு, பேச்சு, பிடிவாதம், கழிவறைப் பழக்கம் ஆகியவற்றில் தடுமாறும் பெற்றோருக்குச் செய்துகாட்டி உதவுவதே அவர் தொழில். ஊசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை, நோய் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்வதும் இல்லை. தமிழ் வாசகருக்கு அங்கன்வாடிப் பணியாளர் நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே குழந்தை மையத்துக்கு வருகிறது, இங்கே பணியாளர் குழந்தையைத் தேடிப் போகிறார் என்ற வேறுபாடு சிறியதன்று.

இந்தப் பணிக்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு, அவை இரண்டும் இரு வேறு வர்க்கங்களைச் சேர்ந்தவை. செல்வந்தர் மாளிகைகளில் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட அறைக்கு நர்சரி என்று பெயர். அந்த அறையின் தாதிமார்களுக்கு முறையான பயிற்சி தர வேண்டும் என்று எமிலி வார்டு 1892இல் லண்டனில் தொடங்கிய நோர்லாண்ட் நிறுவனம் ஒரு பூர்வீகம். 1945இல் உருவான தேசிய நர்சரித் தேர்வு வாரியம் அந்தப் பயிற்சியை மாளிகைக்கு வெளியே கொண்டுவந்து, பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஏற்கப்படும் சான்றிதழாக்கியது. மற்றொரு பூர்வீகம் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வருகிறது: மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதிகளின் சுகாதாரச் சீர்திருத்த மாதர் சங்கம், தொழிலாளர் குடும்பத்துப் பெண்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, வீடு வீடாகச் சென்று தூய்மையும் குழந்தை பராமரிப்பும் சொல்லித்தர அனுப்பியது, 1862இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டையே ‘ஹெல்த் விசிட்டர்’ என்ற இன்றைய பதவியின் பிறப்பாகக் கொள்கிறார்கள். அந்தக் காலத்தின் குழந்தை இறப்பு எந்த அளவுக்குக் கவலை தந்தது என்பதற்கு ஹடர்ஸ்ஃபீல்டு நகர மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட் செய்தது சான்று: 1904இல், லாங்வுட் பகுதியில் தம் பதவிக்காலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் முதல் பிறந்த நாளைத் தொட்டால் பெற்றோருக்கு ஒரு பவுன் தருவதாக அவர் வாக்குறுதிச் சீட்டே எழுதிக் கொடுத்தார். பவுனோடு பெண் ஆலோசகர்களின் வீட்டு வருகையும் சேர்ந்தே இருந்தது.

இன்று இவ்விரு பூர்வீகங்களும் ஒரே குழுவில் அமர்ந்திருக்கின்றன. குழுவின் தலைமை ஹெல்த் விசிட்டரிடம் இருக்கிறது. அவர் பதிவுபெற்ற செவிலியராகவோ மருத்துவச்சியாகவோ இருந்து, அதன்மேல் ஏறத்தாழ ஓராண்டு சமூகச் சுகாதாரச் சிறப்புப் பயிற்சியும் பெற்றவர். நர்சரி நர்ஸ் குழந்தை வளர்ப்பில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெற்று, தேசியச் சுகாதாரச் சேவையின் ஊதிய அடுக்கில் பெரும்பாலும் நான்காம் படியில் இருப்பவர். இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து சந்திப்புகள் விதிக்கப்பட்டுள்ளன: கருவுற்று 28 வாரம் கடந்தபின் ஒன்று, குழந்தை பிறந்த இரண்டு வாரத்துக்குள் ஒன்று, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒன்று, ஒரு வயதை ஒட்டி ஒன்று, இரண்டு முதல் இரண்டரை வயதில் ஒன்று. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகள் உண்டு. தொடக்கச் சந்திப்புகளை ஹெல்த் விசிட்டரே நடத்துவார். பிந்தையவை, குறிப்பாக இரண்டு வயதுச் சந்திப்பு, பல ஊர்களில் நர்சரி நர்ஸிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இப்படி ஒப்படைத்த பின்னரும் பொறுப்பு ஹெல்த் விசிட்டருடையதே என்பது விதி.

பணியின் தினசரி முகத்தைக் காண எடை பார்க்கும் இடமே பொருத்தமானது. குழந்தையை டயப்பர்கூட இல்லாமல் வெறும் மேனியாகவே தராசில் கிடத்த வேண்டும். நனைந்த டயப்பர் ஒன்றே கணக்கைக் குலைத்துவிடும். தராசின் எண் நின்றதும், ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படும் சிவப்பு அட்டை உடல்நலப் பதிவேட்டை, அதாவது எல்லோரும் ‘ரெட் புக்’ என்று சொல்லும் புத்தகத்தை, விரித்து, வயதும் எடையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு புள்ளி வைக்கப்படும். அந்த வரைபடத்தில் 0.4 தொடங்கி 99.6 வரை ஒன்பது கோடுகள் வளைந்து செல்கின்றன. ஒரே வயதுக் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால் 25ஆம் கோட்டுக்குக் கீழே 25 பேர் இருப்பார்கள் என்பதே அதன் பொருள். ஆயினும் மதிப்பெண் பழக்கத்தில் ஊறிய பெற்றோருக்கு 25 என்பது தேர்ச்சி பெறாத எண்ணாகவே தோன்றும். புள்ளி எந்தக் கோட்டில் விழுகிறது என்பதைவிட, அடுத்தடுத்த புள்ளிகள் ஏறக்குறைய அதே கோட்டை ஒட்டிப் போகின்றனவா என்பதே கேள்வி. நடுத்தர எடையில் பிறந்த குழந்தை இரண்டு கோட்டு இடைவெளிகளோ அதற்கு மேலோ கீழிறங்கினால்தான் கவனிக்க வேண்டிய சரிவு. ‘எங்கள் பிள்ளைகள் இயல்பிலேயே மெலிந்த உடல்வாகு’ என்ற சமாதானத்துக்கும் இந்த வரைபடத்தில் இடம் குறைவு, ஏனெனில் 2009 முதல் பிரிட்டனில் வழங்கும் இந்தக் கோடுகள் உலகச் சுகாதார நிறுவனம் தென் டெல்லிக் குழந்தைகள் உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து பெற்றவை; நல்ல சூழலில் வளரும் குழந்தைகள் ஐந்து வயது வரை எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்கிறார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. பால்குடிக் குழந்தையை வாரந்தோறும் நிறுக்க வேண்டும் என்று வந்து நிற்கும் தாயை, முதல் ஆறு மாதத்தில் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதும் இந்தப் பணியில் ஒரு கலை.

இரண்டு வயதுச் சந்திப்புக்கு வழங்கும் கருவி, அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஏஜஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ என்னும் வினாத்தாள். பேச்சுத் தொடர்பு, உடலின் பெரிய அசைவுகள், விரல்களின் நுண்ணசைவுகள், சிக்கலைத் தீர்த்தல், தன்வேலையும் பழகுதலும் என ஐந்து துறைகளில் ஆறாறு வினாக்கள் இருக்கும். ‘ஆம்’ என்றால் 10, ‘சிலநேரம்’ என்றால் 5, ‘இன்னும் இல்லை’ என்றால் 0. மூன்று வாரமோ அதற்கு மேலோ முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்தே வயது கணக்கிடப்படும். விடை எழுத வேண்டியவர் பெற்றோரே. அதற்குள் நர்சரி நர்ஸ் தரையில் அமர்ந்து, பையிலிருந்து மரக்கட்டைகளையும் மணிகளையும் நூலையும் எடுத்துப் பரப்பிவிடுவார். குழந்தை கட்டையை அடுக்கும்போது எத்தனை நின்றன என்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. கட்டை சரிந்ததும் குழந்தை யாரைத் திரும்பிப் பார்க்கிறது, அந்தப் பார்வைக்கு அம்மாவின் முகம் விடை சொல்கிறதா என்பதையும் பார்க்கிறார். வினாத்தாளில் இதற்கு மதிப்பெண் கட்டம் கிடையாது.

கட்டங்களின் போதாமை தமிழ்க் குடும்பங்களில் நன்கு தெரியும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மூன்று வயதானாலும் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவதே அன்பின் வழக்கம். வினாத்தாளோ இரண்டு வயதுக் குழந்தை முள்கரண்டியால் சாப்பிடுகிறதா என்று கேட்கிறது. முள்கரண்டியையே தொட்டிராத குழந்தைக்கு ‘இன்னும் இல்லை’ என்று எழுதினால் மதிப்பெண் இறங்கும், குழந்தையின் திறன் இறங்காது. இயலாமையையும் வாய்ப்பின்மையையும் பிரித்தறிவது இங்கேதான் தேவைப்படுகிறது. பேச்சிலும் இதே கதை: இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொற்களும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கப்படும்போது, ‘தண்ணி’யையும் ‘ஷூ’வையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும். ஆங்கிலம் பிந்திவிடுமோ என்று அஞ்சி வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோரிடம், வீட்டு மொழியிலேயே வளமாகப் பேசுங்கள் என்று சொல்வது இவருடைய கடமைகளுள் ஒன்று.

வீட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் அப்படியே ஏற்க முடிவதும் இல்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேன் தொட்டு வைப்பது தமிழ் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பது பிரிட்டனின் அறிவுரை, ஏனெனில் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதைகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். சேனை வைத்த பாட்டி அதே அறையில் அமர்ந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்பதற்கு எந்தக் கையேடும் போதாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அன்றாடம் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்வதும் அப்படியே: வெயிலுக்கு ஒதுங்கி வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை பிரிட்டனின் வெயில் உடம்பில் அந்த வைட்டமினை உண்டாக்கப் போதாது என்பதும், கருத்த தோலுக்குத் தேவை இன்னும் கூடுதல் என்பதும் எளிதில் நம்பக்கூடியதாக இல்லை.

நடத்தைச் சிக்கல்களுக்கு வரும்போது பணியின் நுட்பம் கூடுகிறது. இரவில் நான்கு முறை விழிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முதலில் எழுதப்படுவது ஓர் உறக்கக் குறிப்பேடு. யார் எப்போது எழுந்தார்கள், என்ன செய்து தூங்க வைத்தார்கள் என்று பெற்றோர் சில நாட்கள் குறித்துவைக்க வேண்டும். பிறகு, கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்து, சில நாட்களுக்கு ஒருமுறை அந்த நாற்காலியைக் கதவை நோக்கி நகர்த்தி, கடைசியில் அறைக்கு வெளியே போய்விடும் படிப்படியான முறை பேசப்படும். ஆனால் முறையை முதலில் சொன்னால் அது வீட்டில் நிலைப்பதில்லை. 1996இல் பர்மிங்ஹாமை அடுத்த சோலிஹல் நகரில் உருவான சோலிஹல் அணுகுமுறை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: மனம் பொங்கி வழியும் தாயின் உணர்ச்சியை வேறொருவர் கலங்காமல் ஏந்திக்கொண்டால்தான் அவரால் மீண்டும் சிந்திக்க முடியும், அதன்பின் தாயும் குழந்தையும் ஒருவர் குறிப்பறிந்து ஒருவர் இசையும் போக்கைக் கவனிக்க வேண்டும், நடத்தையைத் திருத்தும் உத்தி மூன்றாவதாகவே வரும். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, உத்தியை முதலில் நீட்டிவிட்டுக் கிளம்புவதே நேரமில்லாத அமைப்புகளின் பொதுக் குறை.

வீட்டுக்குள் நுழையும் எவருக்கும் இன்னொரு கடமையும் உண்டு. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தை என்றும், கடுந்தீங்குக்கு உள்ளாகும் அபாயத்திலுள்ள குழந்தை என்றும் இரு நிலைகளை வகுக்கிறது. 2000இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி சித்திரவதைக்கு ஆளாகி இறந்தாள்; அது குறித்து 2003இல் வெளியான லேமிங் விசாரணை அறிக்கை, பல அலுவலகங்கள் அவளைக் கண்டிருந்தும் காப்பாற்றத் தவறியதை விரிவாகப் பதிவு செய்தது. அதன் விளைவாக, அலமாரியில் உணவின்மை, அடிக்கடி ரத்தாகும் சந்திப்பு, கதவைத் திறக்கத் தயங்கும் தாய் என்று சிறியவை எல்லாம் எழுதிவைக்கப்பட்டு ஹெல்த் விசிட்டரிடம் சேர வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. உறக்கத்துக்கு உதவ வந்தவரே குறிப்பும் எழுதுகிறார் என்பது சில குடும்பங்களை உறுத்துவதில் வியப்பில்லை. அந்த உறுத்தலை மறைக்காமல், எதை ரகசியமாக வைக்க இயலாது என்று முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மையான வழக்கம்.

பணியின் மதிப்பு உயர்ந்திருக்கிறதா, அதன் மலிவு மட்டும் பயன்படுத்தப்படுகிறதா என்பது இன்று பிரிட்டனில் நடக்கும் வாதம். 1999இல் தொடங்கிய ‘ஷுர் ஸ்டார்ட்’ திட்டத்தின் குழந்தை மையங்கள் 2010 வாக்கில் இங்கிலாந்தில் சுமார் 3,600 இருந்தன. விளையாட்டுக் குழுக்களும் எடை பார்க்கும் முகாம்களும் அங்கேதான் நடந்தன. அடுத்த பத்தாண்டுச் சிக்கனத்தில் பல மூடப்பட்டன, பல சுருங்கின. 2011 முதல் 2015 வரை 4,200 ஹெல்த் விசிட்டர்களைக் கூடுதலாகச் சேர்க்கும் இலக்கோடு அரசு முனைந்தது. 2015 அக்டோபரில் பொறுப்பு உள்ளாட்சிகளுக்கு மாறிய பின், அவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. விடுபட்ட வேலை பெருமளவு நர்சரி நர்ஸ்களின் தோளில் இறங்கியது. இரண்டு வயதுச் சந்திப்பைச் செய்ய அவர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்வது நியாயமன்று. தரையில் அமர்ந்து குழந்தையைப் பார்க்கும் கண் அவர்களுக்கே வாய்த்திருக்கலாம். ஆனால் சந்தேகம் எழுந்தால் அன்று மாலையே கலந்து பேச ஒரு ஹெல்த் விசிட்டர் பின்னால் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் ஒப்படைப்பு என்ற ஏற்பாடு நிற்கிறது, அவரிடமே நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பெயர்கள் குவிந்திருக்கும்போது அந்த ஏற்பாடு தாளில் மட்டுமே மிஞ்சுகிறது.

உறக்கத்துக்கோ உணவுக்கோ என்று தொடங்கும் வீட்டு வருகைகள் எண்ணி முடிப்பவை. நிர்ணயித்த வாரங்கள் முடிந்ததும் கோப்பு மூடப்படும். ஐந்து வயதில் குழந்தை பள்ளி சேர்ந்ததும் பதிவுகள் பள்ளிச் செவிலியர் குழுவுக்குப் போய்விடும். சிவப்புப் புத்தகம் பெற்றோர் வீட்டு இழுப்பறையில், பிறந்த எடையும் முதல் பல் வந்த தேதியுமாகக் கிடக்கும். அதில் பாதிப் புள்ளிகளை வைத்தவர் அதற்குள் வேறொரு தெருவில், வேறொரு தரையில், கட்டைகளைப் பரப்பிக்கொண்டிருப்பார்.