எழுத்தில் கேட்கும் சிரிப்பு

நுழையும்முன்

நேர்ப்பேச்சில் குரலும் முகமும் சொல்லுக்குத் துணை நிற்கின்றன. எழுத்தில் அத்துணை இல்லை. இணைய உரையாடலில் ஆங்கிலம் அக்குறையை எவ்வாறு நிரப்பிக்கொண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று எழுத்து, இரண்டு பொருள்

2012ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டனின் செய்தித்தாள்களுடைய நடத்தையை ஆராய அமைக்கப்பட்ட லெவ்சன் விசாரணை ஆணையத்தின் முன் ரெபெக்கா புரூக்ஸ் என்னும் முன்னாள் இதழாசிரியர் சாட்சியம் அளித்தார். அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் தமக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் எவ்வாறு முடியும் என்று அவரிடம் வினவப்பட்டது. பெரும்பாலும் தம் பெயரின் முதலெழுத்துகளை இடுவார் என்றும், சிலவேளைகளில் ‘எல்.ஓ.எல்.’ என்று முடிப்பார் என்றும் அவர் விடையளித்தார். ‘லாட்ஸ் ஆஃப் லவ்’, அதாவது ‘மிகுந்த அன்புடன்’ என்பதே அதன் பொருள் எனப் பிரதமர் எண்ணியிருந்தார். ‘லாஃப் அவுட் லவுட்’, அதாவது ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’ என்பதே வழக்கிலுள்ள பொருள் எனத் தெரிந்தபின் அவர் அதைக் கைவிட்டார் என்பது சாட்சியம். 

பிரதமர் எழுத்துப்பிழை எதுவும் செய்யவில்லை. அவர் கருதிய பொருளும் ஆங்கிலத்தில் இல்லாததன்று. ஆனால், எழுதியவர் ஒன்றை நினைக்க, படித்தவர் மற்றொன்றைப் பெற்றார். ஒரு சுருக்கத்தின் பொருள் அதன் எழுத்துகளுக்குள் அடங்கியிருப்பதில்லை. அதைப் பரிமாறிக்கொள்வோர் இடையிலான உடன்பாட்டில்தான் இருக்கிறது. ‘எல்.ஓ.எல்.’, ‘ஓ.எம்.ஜி.’, ‘பி.ஆர்.பி.’ போன்ற குறுவடிவங்களைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

இணையத்திற்கு முந்தைய சுருக்கங்கள்

இத்தகைய சுருக்கங்களை இணையத்தின் பிள்ளைகள் என்று கருதுவோர் பலர். அது சரியன்று. 1839ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழைவடிவின் முதலெழுத்துகளைச் சுருக்கமாக வழங்கும் வேடிக்கை இதழாளர்களிடையே பரவியிருந்தது. ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்பதைப் பிழைபட எழுதி, ‘ஓ.கே.’ என்று சுருக்கினர். அவ்வாண்டு மார்ச் 23ஆம் நாள் ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் அது அச்சேறியது. ஆலன் வாக்கர் ரீட் என்னும் அறிஞர் பழைய இதழ்களைத் துருவி, அச்சொல்லின் இந்தப் பிறப்பை 1960களில் நிறுவினார். அதனுடன் பிறந்த சுருக்கங்கள் பெரும்பாலும் மறைந்தன. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் செல்லப்பெயரான ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்பதற்கும் அதே முதலெழுத்துகள் பொருந்தின. அதனால் ‘ஓ.கே.’ தேர்தல் முழக்கமாயிற்று, பிழைத்துக்கொண்டது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நாள்தோறும் ஒலிக்கும் ‘ஓகே’ அன்றைய இளைஞர்களின் ஒரு விளையாட்டுச் சுருக்கமே.

‘ஐயோ கடவுளே’ என்னும் வியப்பைச் சுட்டும் ‘ஓ.எம்.ஜி.’க்கு அறியப்பட்டுள்ள மிகப் பழைய சான்று, பள்ளி மாணவர் ஒருவரின் கைப்பேசியில் இல்லை. பிரிட்டன் கடற்படையின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய, எழுபத்தாறு அகவை நிறைந்த ஜான் ஃபிஷர், 1917ஆம் ஆண்டு செப்டம்பரில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது காணப்படுகிறது. புதிய பட்டம் ஒன்று வழங்கப்படவிருப்பதாகக் கேள்வியுற்று எழுதிய எள்ளல் அது. அதன் விரிவையும் அவரே அடுத்து எழுதிவிட்டார். படிப்பவர்க்குப் புரியாது என்னும் ஐயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

தமிழுக்கும் இப்பழக்கம் புதிதன்று. நாள், மாதம், ஆண்டு, வரவு, பற்று, மேற்படி ஆகியவற்றுக்கு நம் பழைய கணக்கேடுகளிலும் ஆவணங்களிலும் தனித்தனிக் குறியீடுகள் வழங்கின. ஒரே சொல்லை ஆயிரம் முறை எழுத நேரும் கை, அதைச் சுருக்கும் வழியைத் தானே கண்டுகொள்ளும்.

நூற்று அறுபது இடங்கள்

குறுஞ்செய்தி அமைப்பு, சுருக்கங்களின் தேவையை மிகுவித்தது. 1980களின் நடுவில், ஒரு செய்திக்கு எத்தனை எழுத்துகள் போதும் என்னும் வினா ஐரோப்பியத் தொலைத்தொடர்பு வல்லுநர்களிடையே எழுந்தது. செருமானியப் பொறியாளர் ஃப்ரீடெல்ம் ஹில்லிபிராண்டு, தட்டச்சுப் பொறியில் தோன்றிய வாக்கியங்களை எல்லாம் அடித்து எண்ணிப் பார்த்தார். அவற்றுள் பெரும்பாலானவை 160 குறிகளுக்குள் அடங்கின. ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் வீதம் வகுத்தால் 160 கிடைக்கும்.

தமிழ் ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவை. அதே 1120 பிட்டில் 70 குறிகளே அடங்கும். அதிலும் ஐந்தெழுத்துச் சொல்லான ‘வணக்கம்’, புள்ளிகள் தனியாகக் கணக்கிடப்படுவதால் ஏழு இடங்களைப் பிடிக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கம் கைப்பேசியில் வேரூன்ற, தமிழ் எழுத்துரு இல்லாக் கருவிகளோடு இக்கணக்கும் ஒரு காரணம். 

எண்விசைப் பலகையும் சுருக்கத்தைத் தூண்டியது. ஏழாம் விசையை நான்கு முறை அழுத்தினால்தான் ‘எஸ்’ என்னும் ஓர் எழுத்து கிடைக்கும். எனவே, ‘யூ’ என்னும் மூவெழுத்துச் சொல் ஓரெழுத்தாயிற்று. ‘கிரேட்’ என்பதன் பிற்பகுதியை ‘எயிட்’ என ஒலிக்கும் எட்டாம் எண் ஏற்றது. இணைய அரட்டை அறைகளிலோ காசும் இடமும் சிக்கலல்ல, வேகமே சிக்கல். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988ஆம் ஆண்டு யார்க்கோ ஓய்க்கரினன் உருவாக்கிய ‘ஐ.ஆர்.சி.’ போன்ற அமைப்புகளில் பலர் ஒரே நேரத்தில் எழுதினர். ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்பதற்குப் ‘பி.ஆர்.பி.’ என்றும், ‘விசைப்பலகை அருகில் இல்லை’ என்பதற்கு ‘ஏ.எஃப்.கே.’ என்றும் எழுதாவிட்டால், அதற்குள் பேச்சு எங்கோ போய்விடும்.

இன்று இடக்கட்டுப்பாடு பெரிதாக இல்லை. கைப்பேசியே முழுச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. ‘கிரேட்’டில் நுழைந்த எட்டாம் எண் பெரும்பாலும் மறைந்துவிட்டது, ‘எல்.ஓ.எல்.’ மட்டும் மறையவில்லை. இடத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே அதன் பணியாக இருந்திருந்தால் அதுவும் மறைந்திருக்கும்.

குரலுக்கு ஈடான குறி

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி வழி அறிவிப்புப் பலகை ஒன்று இயங்கியது. 1982ஆம் ஆண்டு, மின்தூக்கி ஒன்றில் பாதரசம் கொட்டிவிட்டது என்னும் பொருள்பட வேடிக்கையாக எழுதப்பட்ட செய்தியைச் சிலர் மெய்யான எச்சரிக்கையாகவே கொண்டனர். கேலியைக் கேலி என்று காட்ட ஒரு குறி வேண்டும் என்னும் பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19ஆம் நாள், ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுப் பக்கவாட்டில் பார்க்குமாறு எழுதினார். சிரிக்கும் முகம் ஒன்று தெரிந்தது. இன்றைய முகக்குறிகளுக்கு முன்னோடி அது.

‘எல்.ஓ.எல்.’ செய்வதும் இப்பணியையே. ‘பேருந்தைத் தவறவிட்டேன், எல்.ஓ.எல்.’ என எழுதும் மாணவர் சிரித்துக்கொண்டிருப்பதில்லை. ‘இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே’ என்று நண்பருக்கு உணர்த்துகிறார். அச்சுருக்கம் சிரிப்பைக் குறிக்கும் நிலையைக் கடந்து, பேசுவோரின் மனநிலையைக் காட்டும் சிறுசொல்லாக மாறிவிட்டது என்று மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் விளக்கியுள்ளார்.

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இது வியப்பளிக்காது. தனித்து இயங்காமல் பெயரையும் வினையையும் சார்ந்து நின்று பொருளை நுட்பமாக்கும் சொற்களுக்குத் தொல்காப்பியர் இடையியல் என ஓர் இயலையே வகுத்தார். ‘மன்’ என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் கூறுகிறார். அவற்றுள் ஒழியிசை, வாக்கியத்தில் சொல்லாமல் எஞ்சி நிற்கும் கருத்தை உணர்த்துவது. ‘வாருங்கள்’ என்பதற்கும் ‘வாருங்களேன்’ என்பதற்கும் செய்தியில் வேறுபாடு இல்லை. ‘ஏன்’ என்னும் சிற்றொலி அழைப்பைக் கனிவாக்குகிறது. ஆங்கில உரையாடலில் ‘எல்.ஓ.எல்.’ ஏற்றுக்கொண்ட வேலை ஏறத்தாழ இத்தகையதே.

மொழி கெடுகிறதா?

இச்சுருக்கங்களால் இளைஞரின் ஆங்கிலம் சிதைகிறது என்னும் குற்றச்சாட்டு, எண்ணிப் பார்த்தால் நிற்பதில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடனடி உரையாடல்களை ஆராய்ந்த நவோமி பாரன், ஏறத்தாழ 11,700 சொற்களில் முதலெழுத்துச் சுருக்கங்கள் 90 மட்டுமே எனக் கண்டார். அவற்றுள்ளும் 76 ‘எல்.ஓ.எல்.’ ஆகும். கனடாவின் டொரண்டோ நகரப் பதின்பருவத்தினர் 72 பேரின் உரையாடல்களைச் சாலி டாக்லியமொன்டியும் டெரிக் டெனிசும் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களில் இவ்வகை வடிவங்கள் 2.4 விழுக்காடே. அகவை கூடக்கூட அவர்கள் ‘எல்.ஓ.எல்.’ எழுதுவதைக் குறைத்து, ‘ஹாஹா’ என்று எழுதத் தலைப்பட்டதும் தெரியவந்தது.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. இக்குறிகள் நுட்பமானவை, ஒரு குழுவின் உடன்பாடு மற்றொரு குழுவுக்குத் தெரியாது. ‘ஓ.கே.’ என முழுமையாக எழுதினால் இசைவு; அதையே ‘கே’ என்னும் ஓரெழுத்தாக்கினால் சினமோ புறக்கணிப்போ என இளையோர் கருதுவதுண்டு. முற்றுப்புள்ளிக்கும் அந்நிலை வந்துவிட்டது. பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர் 126 பேரிடம் நடத்தப்பட்டு, 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஒரு சொல் விடையின் இறுதியில் முற்றுப்புள்ளி இட்ட குறுஞ்செய்தி, இடாததைவிட மனமார்ந்ததாகத் தோன்றவில்லை என அவர்கள் மதிப்பிட்டனர். அதே விடையைத் தாளில் கையால் எழுதிக் காட்டியபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை. பேரனின் செய்திக்கு ‘சரி.’ என இலக்கணப் பிழையின்றி விடை எழுதும் தாத்தா, தாம் கோபித்துக்கொண்டதாகப் பேரன் நினைப்பான் என்பதை அறியமாட்டார்.

2011ஆம் ஆண்டு மார்ச்சில் ‘எல்.ஓ.எல்.’, ‘ஓ.எம்.ஜி.’ ஆகிய இரண்டும் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றன. ‘எல்.ஓ.எல்.’ என்பதற்கு அவ்வகராதி வேறொரு பழைய பொருளையும் தருகிறது. 1960ஆம் ஆண்டளவில் அது ‘லிட்டில் ஓல்டு லேடி’யைக் குறித்தது, அதாவது, ஒரு சிறிய மூதாட்டியை.