நியமமும் தொகுப்பானும்

அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் ஆக்கிய வார்ப்புரு நூலகத்தை 1994 யூலையில் சீ++ நியமக்குழு ஏற்றுக்கொண்டது. 1998 இல் அது சர்வதேச நியமத்தின் பகுதியாயிற்று. வரிசைப்படுத்தல் போன்ற படிமுறையை ஒருமுறை எழுதி, எவ்வகைத் தரவுக்கும் பயன்படுத்தலாம் என்பதே அதன் அடிப்படை. இதற்குப் படிமுறையானது, தான் பெறும் சுட்டி எவ்வகைத் தரவைச் சுட்டுகின்றது என்பதை அறிதல் வேண்டும். சாதாரண நினைவகச் சுட்டியைப் பொறுத்தவரை இதற்கு உதவுவது பகுதிச் சிறப்பாக்கம்; அதாவது, பொது வார்ப்புருவிலே சுட்டிவகைகளுக்கு மட்டும் தனிவிதி வகுத்தல்.

அதே 1998 இல் வெளிவந்த விஷுவல் சீ++ 6.0 தொகுப்பானில் இக்கூறு இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அக்குறை நீங்கிற்று. இடைக்காலத்தில், நியமத்துக்கு முற்றிலும் அமைந்த செய்நிரலும் ஓரிடத்தில் ஏற்கப்பட்டு, இன்னோரிடத்தில் மறுக்கப்பட்டது. நூலகம் ஆக்கியோர் தொகுப்பானுக்கேற்ற மாற்றுவழிகளைப் புகுத்த நேர்ந்தது. ஆகவே, தொகுப்பான்களிலே நிறைவேறும்வரை நியமத்தின் பொதுமை ஏட்டளவிலேயே நிற்கும்.