உபகாரச் சம்பளம் இல்லாத சூரர்கள்

நாற்பது வருஷ காலம் தாம் கால்பந்து கற்பித்த சிக்காகோ சர்வகலாசாலை, வயது எழுபதாகிவிட்டது என்ற காரணத்தால் 1932ஆம் ஆண்டில் தமக்கு விடை கொடுத்தபோது, அதை ஓய்வுக்கான அழைப்பாகக் கொள்ளாமல், கலிபோர்னியாவுக்குப் போய் அங்கே ஒரு கலாசாலையில் மறுபடியும் பயிற்சியாளராக அமர்ந்து பதினான்கு வருஷம் உழைத்து, அதற்கும் பிறகு எண்பத்து நான்காவது வயதில் பென்சில்வேனியாவிலுள்ள ஸஸ்குவஹானா கலாசாலையில் தம் மகனுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தவர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். இளமையில் யேல் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் பயின்ற இவர், பிரசங்க மேடையை விட்டு மைதானத்துக்கு வந்து, அமெரிக்கக் கால்பந்து இன்று எந்த உருவத்தில் ஆடப்படுகிறதோ அந்த உருவத்தைச் செதுக்கிய சிற்பிகளில் ஒருவராக விளங்கி, 1965இல் தமது நூற்றிரண்டாம் வயதில் காலமானார். சிறு கலாசாலைகளுக்கான தேசியச் சாம்பியன் பட்டத்தின் இறுதிப் பந்தயம் 1973இல் ஆரம்பமானபோது அதற்கு ‘ஸ்டாக் பௌல்’ என்று பெயர் வைத்தார்கள்.

இதில் விசித்திரமான ஒரு விஷயம் உண்டு. ஸ்டாக் போன பிறகு சிக்காகோவின் கால்பந்து மங்கிவிட, சர்வகலாசாலையின் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸ், கல்விக்கும் இந்த ஆரவாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தவராதலால், 1939இல் அந்த ஆட்டத்தையே எடுத்துவிட்டார். ஸ்டாக்கின் பெயர் தாங்கிய மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2ஆம் தேதி, மனிதன் உண்டாக்கிய முதல் அணுத் தொடர்வினை நிகழ்ந்தது. 1969இல் கால்பந்து சிக்காகோவுக்குத் திரும்பி வந்தது; ஆனால் பழைய ஜாம்பவான்களின் வரிசையில் அல்ல, சிறு கலாசாலைகள் ஆடும் மூன்றாம் பிரிவில்தான் இன்று அதற்கு இடம்.

1973இல்தான் அமெரிக்கக் கலாசாலைகளின் விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தன் அங்கத்தினர்களை மூன்று பிரிவுகளாக வகுத்தது. முதற் பிரிவின் பெரிய சர்வகலாசாலைகளில் லட்சம் பேர் அமரும் மைதானங்களும், கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் பயிற்சியாளர்களும் உண்டு. மூன்றாம் பிரிவிலோ, ஆட்டத் திறமை ஒன்றுக்காகவே ஒரு மாணவனுக்கு ஒரு காசு உபகாரச் சம்பளமும் கொடுக்கலாகாது என்பது பிரதான விதி. கணக்கும் ரசாயனமும் படித்துக்கொண்டு, தன் படிப்புச் செலவுக்குத் தானே வழி தேடிக்கொண்டு, சாயங்கால வேளையில் மைதானத்துக்கு வந்து எலும்பு நோக மோதிக்கொள்ளும் பிள்ளைகளே இதன் வீரர்கள். இப்படிப்பட்ட கலாசாலைகள் இருநூற்றுக்கும் மேலுள்ளன.

செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை அணிகள் பெரும்பாலும் பத்து ஆட்டங்கள் ஆடிய பிறகு, வட்டாரச் சங்கங்களில் முதலிடம் பெற்றவையும், அவற்றுக்கு அடுத்தபடியாகத் தேறியவையும் பட்டப் பந்தயத்துக்குள் நுழைகின்றன. ஆரம்பத்தில் நான்கே அணிகளுடன் நடந்த இது 8, 16, 28, 32 என்று வளர்ந்து, 2024இல் 40ஐ எட்டியது. தோற்றவன் அன்றோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இறுதிப் பந்தயம் நீங்கலாக மற்றவை யாவும் ஏதேனும் ஒரு கலாசாலையின் சொந்த மைதானத்திலேயே நடப்பதால், தெற்கே வெயிலில் பழகிய பிள்ளைகள் ஓஹையோவின் டிசம்பர்ப் பனியில் விறைத்துப்போன பந்தைப் பிடிக்க நேரிடுவதும் சகஜம். பணச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, விமானம் ஏறாமல் பஸ்ஸிலேயே போய்வரக்கூடிய தூரத்திலுள்ள அணிகளை முதற் சுற்றுகளில் மோதவிடும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. தகுதியில் முன்னிற்கும் இரண்டு அணிகள், பக்கத்துப் பக்கத்து ஊர்களாகப் பிறந்த குற்றத்துக்காக ஆரம்பத்திலேயே ஒன்றையொன்று வெட்டி வீழ்த்திக்கொள்வது நியாயமா என்று அபிமானிகள் வருஷந்தோறும் முறையிடுகிறார்கள். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. பெட்ரோல் கணக்குப் பார்த்து விதியை எழுதினால் விதி அப்படித்தான் இருக்கும்.

பணம் இல்லாத இடத்தில் சமத்துவம் தழைக்கும் என்று யாரேனும் எதிர்பார்த்தால், மௌண்ட் யூனியன் கலாசாலையின் சரித்திரம் அவர்களைத் திகைக்க வைக்கும். ஓஹையோவில் அலையன்ஸ் என்ற சிற்றூரிலுள்ள இக்கலாசாலைக்கு 1986 முதல் 2012 வரை பயிற்சியாளராக இருந்த லாரி கேரஸ் ஜயித்தவை 332, தோற்றவை 24, சமமாக முடிந்தவை 3. அவர் காலத்தில் கிடைத்த தேசியப் பட்டங்கள் பதினொன்று. முதலில் தொடர்ந்து 54 ஆட்டங்கள் வென்று, ஒரு தோல்விக்குப் பின் மறுபடியும் 55 ஆட்டங்கள் வென்ற அந்த அணியின் அசுர நடையை நிறுத்தியவர், 2003 இறுதிப் பந்தயத்தில் 24-6 என்று வீழ்த்திய மின்னஸோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் கலாசாலையின் கிழவர், எழுபத்தேழு வயது ஜான் கலியார்டி. பயிற்சியின்போது ஒருவரையொருவர் மோதித் தள்ளக் கூடாது, ஊதல் ஊதக் கூடாது, தம்மைப் பெயர் சொல்லி ‘ஜான்’ என்றே அழைக்க வேண்டும் என்று விதித்த அந்த அபூர்வ மனிதர், 489 வெற்றிகளோடு 2012இல் ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு மௌண்ட் யூனியனுக்கு வாய்த்த எதிரி விஸ்கான்ஸின் மாகாணத்து வைட்வாட்டர். 2005 முதல் 2011 வரை ஏழு வருஷங்களும் இடைவிடாமல் இறுதிப் பந்தயத்தில் எதிர் நின்றவை இந்த இரண்டு அணிகளே. இரண்டுக்கும் ஊதா நிறம். ஆகவே வர்ஜீனியாவின் ஸேலம் என்ற சிறு நகரத்தில், 1993 முதல் இருபத்தைந்து வருஷம் இறுதிப் பந்தயத்தை உபசரித்த மைதானத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நிறம். வைட்வாட்டரின் பயிற்சியாளர் லான்ஸ் லைப்போல்டு எட்டே வருஷத்தில் ஆறு பட்டங்கள் வென்று பெரிய சர்வகலாசாலைகளுக்குப் போய்விட்டார். மௌண்ட் யூனியனில் ஆடிய நிக் ஸிரியானி பிற்காலத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸின் பயிற்சியாளராகி, 2025இல் தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான ஸூப்பர் பௌலையே ஜயித்தார்.

பரிசுத்தமான அமெச்சூர் விளையாட்டு என்று இதைப் புகழ்கிறவர்களின் பேச்சைப் பாதியளவே நான் ஏற்பேன். மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் தனியார் கலாசாலைகள் பல, நூறு பேருக்கு மேற்பட்ட கால்பந்து அணியைத் திரட்டுவதன் மூலம் சம்பளம் கட்டும் நூறு மாணவர்களையும் திரட்டிக்கொள்கின்றன. மைதானத்தில் ஒருநாளும் கால்வைக்க வாய்ப்பில்லாத பையன்கூட அந்தக் கணக்கில் ஒருவனே.

ஆயினும் ஆட்டம் ஆட்டந்தான். 2023 டிசம்பரில் மறுபடியும் ஸேலத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில், முந்தின வருஷச் சாம்பியனான இல்லினாயின் நார்த் ஸென்ட்ரல், நியூயார்க் மாகாணத்துக் கார்ட்லண்டுக்கு ஒரே ஒரு புள்ளி பின்தங்கி 37-38 என்ற நிலைக்கு வந்துசேர்ந்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளி. அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் ஒரு புள்ளி, மறுபடியும் கோட்டைக் கடந்தால் இரண்டு. உதைத்திருந்தால் ஆட்டம் அநேகமாகச் சமமாகியிருக்கும். நார்த் ஸென்ட்ரல் இரண்டையே நாடியது. கார்ட்லண்டுப் பிள்ளைகள் வழிமறித்துவிட்டார்கள். பட்டம் முதன்முறையாக அவர்களுக்குப் போயிற்று. அந்தத் தீர்மானம் மடமை என்று சொன்னவர்கள் உண்டு. ஜயத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு வந்தபோது அதைக் கூடுதல் நேரத்தின் அதிருஷ்டத்துக்கு விட்டுவிடாத பயிற்சியாளரை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த பருவத்தில் அதே அணி, டெக்ஸஸில் மௌண்ட் யூனியனை 41-25 என்று தோற்கடித்துப் பட்டத்தை மீட்டுக்கொண்டது.