கோழிக்குக் கருஞ்சீரகப் புண்ணாக்கு

கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனம்தான். வங்கியில் இருந்தப்போ பண்ணைக் கடன் விண்ணப்பம் வந்தால் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். தீவனத்தில் புரதம் என்றால் பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கு. 2021-ல் அதன் விலை எகிறினப்போ, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. இயற்கை விவசாயம்னு சொல்லிக்கிட்டு அதையா நம்ம கோழிக்குப் போடுறது?

கருஞ்சீரக எண்ணெய் ஆட்டும் செக்கில் மிஞ்சுற புண்ணாக்கை என் நாட்டுக்கோழிகளுக்குப் போடுறேன். இதில் புரதம் ஏறக்குறைய 30 சதவீதம், சோயாவில் 45. லைசினும் குறைவு. அதனால் சோயாவுக்கு முழு மாற்றுன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. 100 கிலோ தீவனத்துக்கு 5 கிலோவில் தொடங்குங்க. லைசினுக்குக் கொஞ்சம் கருவாட்டுத் தூள் சேருங்க. வாசனைக்குக் கோழி முதலில் ஒதுக்கினாலும், கம்பு மாவோடு பிசைஞ்சு வச்சா கொத்தும்.

செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கும். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆட்டின சூட்டோடு வாங்கி, நிழலில் உலர்த்தி, ஒரு மாசத்துக்குள் தீர்த்துடுங்க. பூஞ்சணம் கண்டால் குப்பைக்குழிக்குத்தான்.

விலையைப் புரதக் கணக்கில் பாருங்க. சோயா விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செக்குக்காரர் கேட்டால், கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.