முகப்பருவும் கடைக் களிம்பும்

பருவ வயதில் தோலில் மிகுதியாகச் சுரக்கும் எண்ணெய்ப்பசை, இறந்த செல்களுடன் சேர்ந்து மயிர்க்கால்களை அடைப்பதால் முகப்பரு தோன்றுகிறது. அழுக்கு அதற்குக் காரணமன்று. நாளுக்கு இருமுறை மென்மையாக முகம் கழுவினால் போதும். கிள்ளினால் தழும்பே மிஞ்சும்.

பீட்டாமெதசோன், மொமெட்டசோன் முதலிய ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் பருவை அடக்குவதுபோல் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும். பரு முன்னினும் பெருகும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது.

முறையான மருந்துகள் பலன் தர 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். உங்கள் பிள்ளைகள் பூசும் களிம்பின் உறையை இன்றே படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு இருப்பின், தோல் மருத்துவரின் ஆலோசனைப்படி நிறுத்துங்கள்.