லேப்டாப்புக்கு 'பயாஸ்' பாஸ்வேர்டு போடலாமா? மறந்துட்டா என்ன ஆகும்? மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

கையில் புது லேப்டாப் வந்ததும், யூடியூப் வீடியோ பார்த்து 'பயாஸ்' பாஸ்வேர்டு போட்டுவிடும் மாணவர்கள் உண்டு. திருடுபோனாலும் யாராலும் திறக்க முடியாது என்ற நம்பிக்கைதான் காரணம். சரி, அந்தப் பாஸ்வேர்டை சொந்தக்காரரே மறந்துட்டா? ஜிமெயில் மாதிரி ஓடிபி போட்டு மாற்றும் வசதி அங்கே கிடையாது. சில மாடல்களில் மதர்போர்டையே மாற்ற வேண்டி வரும்.

தமிழ்நாடு அரசின் 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில், 2026 ஜனவரி முதல் கல்லூரி மாணவர்களுக்கு டெல், ஏசர், ஹெச்பி லேப்டாப்கள் வழங்கப்பட்டன. 2 ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்கு என்பது 2025-26 பட்ஜெட் அறிவிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என ஷூ கம்பெனியையும் தோல் தொழிற்சாலையையும் நம்பியிருக்கும் ஊர்களில், பல வீடுகளுக்கு இப்படி வரும் லேப்டாப்தான் முதல் கம்ப்யூட்டர். அண்ணனின் ப்ராஜெக்ட், தங்கையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாமே அதில்தான். அது பூட்டிக்கொண்டால் இன்னொன்று வாங்குவது லேசான காரியம் இல்லை.

அதனால், பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பு இதைப் படிச்சிடுங்க.

ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் உடனே வந்துவிடுவதில்லை. அதற்கு முன்பு மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் இருக்கும் மென்பொருள் விழித்துக்கொண்டு, கீபோர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சரியா என்று பார்க்கும். பிறகுதான் விண்டோஸை அழைக்கும். அந்த மென்பொருள்தான் ஃபர்ம்வேர். பழைய பெயர் 'பயாஸ்', இப்போது வரும் லேப்டாப்களில் இருப்பது 'யூஇஎஃப்ஐ'. பேச்சுவழக்கில் இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறோம்.

விண்டோஸ் பாஸ்வேர்டு அறைக் கதவின் பூட்டு என்றால், இது வீட்டு வாசல் கதவின் பூட்டு.

எத்தனை வகை இருக்கு?

பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் வகை மூன்றுதான்.

1. அட்மின் அல்லது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு: பயாஸ் செட்டிங்ஸை யாரும் மாற்றாமல் தடுக்கும். லேப்டாப் வழக்கம்போல ஆன் ஆகும்.

2. யூசர் அல்லது பவர்-ஆன் பாஸ்வேர்டு: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கேட்கும். சொல்லவில்லை என்றால் விண்டோஸ் வராது. டெல் இதை 'சிஸ்டம் பாஸ்வேர்டு' என்கிறது.

3. ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு: டிஸ்க்கையே பூட்டிவிடும். கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டாலும் திறக்காது. மூன்றில் ஆபத்தானது இதுதான். மறந்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களை கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது.

இதைப் போட்டால் ஃபைல்கள் பாதுகாப்பா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு பாஸ்வேர்டுகளும் லேப்டாப்பைத்தான் பூட்டுகின்றன, ஃபைல்களை அல்ல. காட்பாடி ரயிலில் மறந்து வைத்த லேப்டாப் ஒருவர் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, எஸ்எஸ்டியை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் போட்டோ, மார்க் ஷீட், ஆதார் ஸ்கேன் எல்லாம் தெரிந்துவிடும்.

அதைத் தடுப்பது என்கிரிப்ஷன். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால், வசதி உள்ள லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கும். அது ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்க.

அப்போ பயாஸ் பாஸ்வேர்டால் பயனே இல்லையா? இருக்கு. பென் டிரைவில் இருந்து லேப்டாப்பை ஆன் செய்து விண்டோஸ் பாஸ்வேர்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை அடைக்கலாம். ஹாஸ்டலில் நாலு பேர் கை படும் இடத்தில் இது உதவும்.

எப்படிப் போடுவது?

லேப்டாப்பை முழுதாக ஆஃப் செய்து ஆன் செய்யும்போது, டெல், ஏசர் என்றால் எஃப்2 கீயையும், ஹெச்பி என்றால் எஃப்10 கீயையும் விட்டுவிட்டு அழுத்துங்க. லெனோவாவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் அட்மின் அல்லது சூப்பர்வைசர் பாஸ்வேர்டைத் தேர்வு செய்து, இரண்டு முறை டைப் செய்து, சேவ் செய்துவிட்டு வெளியே வர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். பயாஸில் தமிழ் கீபோர்டு வேலை செய்யாது.
* கேப்ஸ் லாக், நம் லாக் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டைப் செய்யுங்க.
* 'செக்யூர் பூட்', 'டிபிஎம்' ஆகியவற்றைத் தொடாதீங்க. என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால், இவற்றை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கைத் திறந்து அதை முதலிலேயே தாளில் எழுதி வைத்துவிடுங்க.

மறந்துட்டா என்ன செய்வது?

பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு அழிந்துவிடும். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் அந்த வித்தை பலிக்காது. கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில்தான் பாஸ்வேர்டு இருக்கிறது.

மூன்று முறை தவறாகப் போட்டால் சில லேப்டாப்கள் 'சிஸ்டம் டிசேபிள்டு' என்று ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும். பயப்பட வேண்டாம். அந்தத் திரையை போட்டோ எடுத்துக்கொண்டு, கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகுங்க. உரிமையாளர் நீங்கள்தான் என்று நிரூபித்தால் திறந்து தரும் வழி சில மாடல்களுக்கு உண்டு. வேறு சில மாடல்களில் வழியே இல்லை. லெனோவாவின் திங்க்பேட் கையேடு, சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் கட்டணம் செலுத்தி சிஸ்டம் போர்டை மாற்ற வேண்டும் என்றே சொல்கிறது.

இலவச லேப்டாப்புக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கு. கடையில் வாங்கியது இல்லை என்பதால் உங்கள் பெயரில் பில் கிடையாது. எனவே லேப்டாப் வாங்கும்போது கையெழுத்துப் போடும் ஆவணத்தையும், அடிப்பக்கத்தில் இருக்கும் சீரியல் நம்பரையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வைக்க வேண்டும். ஸ்டிக்கர் நாளடைவில் தேய்ந்துவிடும். லேப்டாப் தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்கவும் இதே நம்பர்தான் கை கொடுக்கும்.

'அரை மணி நேரத்தில் எடுத்துத் தர்றேன்' என்று சொல்லும் கடைகளில் சிப்பை நேரடியாக அழித்து எழுதுவார்கள். அது சரியாக நடக்காவிட்டால் சீரியல் நம்பரும், ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும் விண்டோஸ் லைசென்ஸ் கீயும் போய்விடலாம். என்கிரிப்ஷன் இருந்தால் ரிகவரி கீ இல்லாமல் ஃபைல்களும் திறக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா?

பணம் கொடுப்பதற்கு முன்பு அங்கேயே ஆஃப் செய்து ஆன் செய்து, பயாஸுக்குள் போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டால், விற்பவரே அதை நீக்கித் தர வேண்டும். 'தெரியாது, அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் வாங்க வேண்டாம். அது திருட்டு லேப்டாப்பாகக்கூட இருக்கலாம். பயாஸில் தெரியும் சீரியல் நம்பரும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றா என்றும் சரிபாருங்க.

அப்போ, போடலாமா வேண்டாமா?

வீட்டில் மட்டும் இருக்கும் லேப்டாப் என்றால் பயாஸ் பாஸ்வேர்டு அவசியமில்லை. நல்ல விண்டோஸ் பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன், தாளில் எழுதிய ரிகவரி கீ ஆகிய மூன்றும் போதும்.

ஹாஸ்டலில் இருப்பவர்கள், தினமும் பஸ், ரயிலில் கொண்டுபோய் வருபவர்கள் அட்மின் பாஸ்வேர்டு போடலாம். கண்டவர் கையில் ஆன் ஆகவே கூடாது என்று நினைத்தால் பவர்-ஆன் பாஸ்வேர்டையும் சேர்க்கலாம். ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு மாணவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

எதைப் போட்டாலும், அந்தப் பாஸ்வேர்டை லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீங்க; பூட்டிக்கொண்டால் அதுவும் உள்ளேதான் இருக்கும். ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும் இருக்கும் ஃபைலில் வைத்து, வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வைங்க. லேப்டாப்பை விற்கும்போதோ தம்பி தங்கைக்குக் கொடுக்கும்போதோ, பாஸ்வேர்டை நீக்கிவிட்டுக் கொடுங்க.